ஆங்கிலம் தெரியும் என்பதற்கு அத்தாட்சி

தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து சேலையூருக்குப் போகும் சாலையிலும், குரோம்பேட்டை, பல்லாவரம் கடைத்தெருக்களிலும் கொஞ்சம் தலையை உயர்த்திப் பார்த்துக்கொண்டு நடந்தால், மாடிக்கு மாடி ஒரே மாதிரிப் பலகைகள் தொங்குவதைக் காணலாம். வெளிநாட்டுக்குப் போகிறவர்களை ஆங்கிலப் பரீட்சைக்குத் தயார் செய்கிறோம் என்று அவை அறிவிக்கின்றன. ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் யந்திரங்கள் லொடலொடத்துக்கொண்டிருந்த மாடிகள் இவை. அன்று அங்கே ஏறியவர்கள் உள்ளூர் உத்தியோகத்துக்காக ஏறினார்கள். இன்று ஏறுகிறவர்களில் பலர் கடல் கடந்த ஒரு தேசத்தில் குடியேறி, என்றாவது ஒரு நாள் அதன் பிரஜையாகிவிட வேண்டும் என்பதற்காக ஏறுகிறார்கள்.

தாராளமாக ஏறட்டும். என் வருத்தமெல்லாம் மாடியில் விற்கப்படும் சரக்கைப் பற்றியது. ஆங்கிலம் கற்பதற்காக அங்கே போகிறவர்கள் குறைவு. ஆங்கிலம் தெரியும் என்பதற்கு ஓர் அத்தாட்சி வாங்கப் போகிறவர்களே அதிகம். இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்கிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றவள். இங்கிலாந்தில் குடியிருக்கும் பையனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கணவனிடம் போய்ச் சேர விசா வேண்டுமானால் அவள் தன் ஆங்கிலத்தை நிரூபித்தாக வேண்டும். “மூணு வருஷம் ஷேக்ஸ்பியர் படிச்சேன், மாமா. இப்போ என் பேரு என்ன, எந்த ஊருன்னு ஒருத்தர் கேக்கறதுக்கும், நான் பதில் சொல்றதுக்கும் பணம் கட்டணுமாம். இல்லேன்னா என் பட்டம் இங்கிலீஷ்லதான் படிச்சதுன்னு அங்கே இருக்கிற ஸ்தாபனத்துக்குப் பணம் கட்டிக் கடுதாசி வாங்கணுமாம்” என்றாள். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவள் ஏறவேண்டிய படிகளைப் பாருங்கள். 2010-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல், பிரிட்டனில் இருக்கும் கணவனிடமோ மனைவியிடமோ போகிறவர்களுக்குப் புறப்படுவதற்கு முன்பே பரீட்சை என்று விதி செய்தார்கள். அதன் அளவுக்கு ‘ஏ-1’ என்று பெயர். போய்ச் சேர்ந்து இரண்டரை வருஷம் கழித்து விசாவை நீட்டிக்கும்போது ‘ஏ-2’ வேண்டும் என்று 2017-இல் ஒரு விதி சேர்ந்தது. நிரந்தரமாகத் தங்குவதற்கும் பிரஜா உரிமை பெறுவதற்கும் ‘பி-1’ என்பது 2013 அக்டோபரில் வந்தது. அதோடு பிரிட்டிஷ் வாழ்க்கையைப் பற்றி இருபத்துநான்கு கேள்விகள் கொண்ட தனிப் பரீட்சை. அதில் பதினெட்டுக்குச் சரியாக விடை சொல்லியாக வேண்டும். அந்தப் பரீட்சை நடப்பதே ஆங்கிலத்தில்தான். ஆகவே அதில் தேறினாலே மொழி தெரியும் என்று 2013 வரை ஒப்புக்கொண்டிருந்தார்கள். பிறகு அதுவும் போதாது என்றாகிவிட்டது. 2025 மே மாதம் வெளியான அந்தச் சர்க்காரின் வெள்ளை அறிக்கையோ, நிரந்தரக் குடியேற்றத்துக்குரிய அளவை இன்னும் ஒரு படி உயர்த்தப் போவதாகச் சொல்லிற்று.

ஒரு தேசத்தில் வாழப் போகிறவன் அந்தத் தேசத்தின் பாஷையைத் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று வாசகர்கள் கேட்கலாம். வேண்டும், அவசியம் வேண்டும். ஆஸ்பத்திரியில் தன் வலியைச் சொல்லவும், குழந்தையின் வாத்தியாரிடம் பேசவும், தன்னை ஏமாற்றுகிற முதலாளியிடம் நியாயம் கேட்கவும் பாஷை தெரியாதவன் பாதி மனிதனாகத்தான் அங்கே வாழ்வான். அதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் உண்மையாகவே பாஷையில் அக்கறை உள்ளவன் என்ன செய்வான்? முதலில் கற்றுக் கொடுப்பான். பிறகு பரீட்சை வைப்பான். இவர்கள் செய்தது என்ன? புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க இங்கிலாந்தில் சர்க்கார் செலவிட்ட தொகை 2010-இல் சுமார் இருபது கோடிப் பவுன். 2016-இல் அது ஒன்பது கோடியாகச் சுருங்கிவிட்டது. பரீட்சையை உயர்த்திக்கொண்டே போன அதே வருஷங்களில் பள்ளிக்கூடத்தைப் பாதிக்கு மேல் மூடினார்கள்! இதற்குப் பெயர் பாஷை அபிமானமா?

போகட்டும், பரீட்சை எல்லாருக்கும் பொதுவானதா என்று பார்த்தால் அதுவும் இல்லை. சில தேசத்துப் பிரஜைகளுக்கு விலக்கு உண்டு. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, அயர்லாந்து, ஜமைக்கா என்று ஒரு ஜாபிதா இருக்கிறது. இந்தியாவுக்கு அதில் இடமில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த ஒருவர், ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் கூடச் சேர்த்துப் பேசத் தெரியாதவராக இருந்தாலும், கனடா பாஸ்போர்ட்டைக் காட்டி இந்தப் பரீட்சையிலிருந்து தப்பிவிடலாம். தாம்பரத்துக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவரோ அத்தாட்சி தேடி அலைய வேண்டும். அந்தக் கல்லூரியின் கதை தெரியுமல்லவா? 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னையில் ஆரம்பித்த பள்ளிக்கூடத்திலிருந்து வளர்ந்தது அது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1937-இல், தாம்பரத்துக்குக் குடிவந்தது. அவர்களே வந்து, அவர்களே பள்ளி வைத்து, அவர்களே கற்றுக் கொடுத்த பாஷை! அது நமக்குத் தெரியுமா என்று இன்று அவர்களே சந்தேகப்படுகிறார்கள்.

“இந்தியாவில் ஆங்கிலக் கல்வி பெயரளவுக்குத்தான் இருக்கிறது, பட்டத்தை நம்ப முடியாது” என்று சிலர் வாதிக்கக்கூடும். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அப்படியானால், தாங்கள் கேட்டு வாங்கிய பரீட்சை அத்தாட்சியையாவது அவர்கள் நம்பினார்களா? 2014-இல் லண்டனில் சில பரீட்சைக் கூடங்களில் மோசடி நடந்ததை பி.பி.சி. அம்பலப்படுத்தியது. மோசடி நடந்தது மெய்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். பரீட்சை நடத்திய அமெரிக்க ஸ்தாபனம் குரல் பதிவுகளைச் சோதித்து, ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட பரீட்சைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சந்தேகத்துக்கு உரியவை என்று சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கான அந்நிய மாணவர்களின் விசா பறிபோயிற்று. கோர்ட்டு வாசலில் வருஷக் கணக்கில் நின்றவர்கள் பலர். நிரபராதிகள் சிலரும் இதில் அகப்பட்டிருக்கக்கூடும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகமே 2019-இல் அறிக்கை வெளியிட்டது. எதிரே நின்று சரளமாக ஆங்கிலம் பேசிய பையனிடம் ‘உனக்கு ஆங்கிலம் தெரியாது’ என்று காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்கள். காதால் கேட்பதைவிடக் காகிதம் பெரிதாகிவிட்டால் இப்படித்தான் முடியும்.

இந்தக் காகித மோகம் இன்று நேற்றுத் தோன்றியதல்ல. தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலில் 1897-இல் குடியேற்றத் தடைச் சட்டம் ஒன்று வந்தது. காந்தி டர்பன் துறைமுகத்தில் இறங்கி வெள்ளையர் கூட்டத்திடம் அடிபட்ட வருஷம் அது. இந்தியர்கள் வரக்கூடாது என்பதே அச்சட்டத்தின் நோக்கம். ஆனால் ‘இந்தியர்’ என்ற வார்த்தை அதில் இல்லை. வருகிறவன் ஓர் ஐரோப்பிய பாஷையில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. எவ்வளவு நாகரிகமான தந்திரம்! நிறத்தைச் சொன்னால் அநாகரிகம். பாஷையைச் சொன்னால் கௌரவம். பிரிட்டிஷ் குடியேற்ற மந்திரி ஜோசப் சேம்பர்லின் இந்த உபாயத்தை மற்றக் குடியேற்ற நாடுகளுக்கும் சிபாரிசு செய்தார்.

ஆஸ்திரேலியா 1901-இல் அதைப் பிடித்துக்கொண்டது. அதிகாரி தன் இஷ்டப்படி ஏதாவது ஓர் ஐரோப்பிய பாஷையில் ஐம்பது வார்த்தை சொல்வார். வந்தவன் எழுத வேண்டும். 1934-இல் எகோன் கிஷ் என்ற செக் நாட்டு எழுத்தாளர் அங்கே போனார். ஹிட்லரை எதிர்த்தவர், பல பாஷை அறிந்தவர். அவரை உள்ளே விடக்கூடாது என்று முடிவு செய்த சர்க்கார் அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பரீட்சை வைத்தது. அவர் தோற்றார். பிறகு ஹைகோர்ட்டு தலையிட்டு, அந்தச் சட்டம் சொல்லும் ஐரோப்பிய பாஷைகளில் கேலிக் சேராது என்று தீர்ப்பளித்தது. அந்தப் பரீட்சை ஒழிந்தது 1958-இல்தான். வேடிக்கை என்னவென்றால், இன்றைய பிரிட்டிஷ் பிரஜா உரிமைச் சட்டப்படி ஆங்கிலத்துக்குப் பதிலாக அதே கேலிக் மொழி தெரிந்திருந்தாலும் போதும்! இன்றைய பரீட்சையும் நேட்டால் பரீட்சையும் ஒன்றே என்று நான் சாதிக்கவில்லை. இன்று தேறுவதற்கு வழி இருக்கிறது. அன்று தோற்பதற்கு மட்டுமே வழி இருந்தது. ஆனால், உண்மையான காரணத்தைச் சொல்ல வெட்கப்படுகிறவர்களுக்குப் பாஷை ஒரு நல்ல திரை என்ற பாடத்தை மறந்துவிட வேண்டாம்.

இதையே மனிதத் தன்மையோடு செய்ய முடியாதா? முடியும். அமெரிக்காவில் பிரஜா உரிமை கேட்கிறவரோடு அதிகாரி நேரிலேயே ஆங்கிலத்தில் பேசிப் பார்க்கிறார். மூன்று வாக்கியங்களில் ஒன்றைச் சரியாகப் படித்து, மூன்றில் ஒன்றைச் சரியாக எழுதினால் போதும். ஐம்பது வயதாகி, நிரந்தரவாசியாக இருபது வருஷம் வாழ்ந்துவிட்டவருக்கு ஆங்கிலமே வேண்டாம். நாட்டைப் பற்றிய கேள்விகளுக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொல்லலாம். இதனால் அமெரிக்காவில் ஆங்கிலம் அழிந்துவிடவில்லை.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1955-ஆம் ஆண்டுப் பிரஜா உரிமைச் சட்டத்தின்படி, இங்கே நெடுநாள் வாழ்ந்து இந்தியப் பிரஜையாக விண்ணப்பிக்கும் அந்நியருக்கு, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு மொழிகள் கொண்ட அந்த அட்டவணையில் தமிழ் இருக்கிறது. ஆங்கிலம் இல்லை! தமிழ் மட்டுமே தெரிந்தவர் இந்தியப் பிரஜையாவதற்கு மொழியால் தடையில்லை. ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவருக்குத் தடை உண்டு.

சட்டம் இப்படிச் சொல்ல, நம் தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் நாம் நடத்துகிற ராஜ்யம் எப்படி இருக்கிறது? குழந்தையைப் பள்ளியில் சேர்க்கப் போகிற தாய்க்கு ஆங்கிலம் வருமா என்று பேசிப் பார்க்கிற பள்ளிகள் இருக்கின்றன. குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துச் சேர்க்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்திருந்தும் இது நடக்கிறது. பாங்கியில் தமிழில் கேட்கிறவரைவிட ஆங்கிலத்தில் அதட்டுகிறவருக்குக் காரியம் சீக்கிரம் முடிகிறது. சொந்த ஊரில், சொந்த பாஷை பேசுகிற ஒருத்தியை அரைப் பிரஜையாக நிறுத்தி வைக்கிற நமக்கு, ஹீத்ரோ விமான நிலையத்தில் நம்மை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டால் கோபம் வருவானேன்? அத்தாட்சியை வாங்கியவுடன் அதைச் சட்டம் போட்டு மாட்டிப் பெருமைப்படுகிற நம் மனோபாவம்தான் அந்த மாடிகளை வாழ வைக்கிறது.

ஆகவே இரண்டு பக்கமும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் சர்க்காருக்குச் சொல்வேன்: பாஷை வேண்டுமென்றால் இலவசமாக வகுப்பு வையுங்கள், பத்து வருஷம் உங்கள் ஆஸ்பத்திரியிலும் ஆபீஸிலும் வேலை செய்து வரி கட்டியவரைப் பத்து நிமிஷம் நேரில் பேசிப் பாருங்கள், பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்த்து விலக்குக் கொடுக்காதீர்கள். நம்மவர்களுக்குச் சொல்வேன்: அங்கே போகிற பெண்ணை அத்தாட்சிக்கு மட்டும் தயார் செய்து அனுப்பாதீர்கள். டாக்டரிடமும் போலீஸிடமும் தயங்காமல் பேசுகிற அளவுக்கு ஆங்கிலம் கற்றுக் கொடுத்து அனுப்புங்கள். கணவன் வீட்டில் ஒரு கஷ்டம் வந்தால் அந்த அந்நிய ஊரில் அவளுக்குத் துணை நிற்கப் போவது அந்தப் பேச்சுத்தான். அத்தாட்சிக் காகிதம் பெட்டியின் அடியில் கிடக்கும்.