எடையும் நடத்தைச் சான்றிதழும்

குண்டானவர்களை மட்டமாகப் பார்க்கும் பழக்கம் பள்ளி வயதிலேயே படிந்துவிடுகிறது. அமெரிக்காவில் ஸ்டீஃபன் ரிச்சர்ட்சன் குழுவினர் 1961-ல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் காட்டியது. பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் ஆறு படங்கள் தரப்பட்டன. ஒன்றில் எந்தக் குறையும் இல்லாத பிள்ளை. மற்றவற்றில் ஊன்றுகோலுடன் ஒரு பிள்ளை, சக்கர நாற்காலியில் ஒன்று, ஒரு கை இல்லாத ஒன்று, முகம் சிதைந்த ஒன்று, குண்டாக ஒன்று. யாரைப் பிடிக்கிறது என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது குண்டுப் பிள்ளை கடைசிக்குப் போனது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து அதே சோதனையை ஜேனட் லாட்னரும் ஆல்பர்ட் ஸ்டங்கார்டும் மறுபடி நடத்தி, 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். குண்டுப் பிள்ளையின் இடம் மாறவில்லை, வெறுப்புதான் கூடியிருந்தது.

ஊன்றுகோலைப் பார்த்து இரக்கப்படும் பிள்ளை பருத்த உடம்பைப் பார்த்து முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. மற்றவை விதியால் வந்தவை, பருமன் மட்டும் தானே தேடிக்கொண்டது என்ற நம்பிக்கைதான் அது. வாய்க்கட்டுப்பாடு இல்லை, உடம்பு வளையவில்லை, சோம்பேறி என்று ஒருவரின் இடுப்பளவே அவருக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதிவிடுகிறது. "எந்தக் கடையில அரிசி வாங்குறீங்க?" என்று முன்பின் தெரியாதவர்கூடக் கேட்டுவிட்டுச் சிரிக்கும் துணிச்சல் இதிலிருந்துதான் வருகிறது. தண்டிக்கத் தகுந்தவரைத்தான் தண்டிக்கிறோம் என்ற நிம்மதி கேட்பவருக்கு.

அந்த நிம்மதிக்கு உயிரியல் இடம் தரவில்லை. ஸ்டங்கார்ட் 1986-ல் டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்தார். அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்தது. சோறு போட்டு வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் ஆய்வகம் லெப்டின் ஹார்மோனுக்கான மரபணுவைக் கண்டறிந்தது. உடம்பின் கொழுப்புத் திசுவில் சுரந்து, போதுமான சேமிப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் இது. மூன்றே ஆண்டுகளில், பிரிட்டனில் வாழ்ந்த பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளிடம் இந்த ஹார்மோன் இல்லை என்பதைக் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்களில் மூத்த பெண்ணுக்கு எட்டு வயதில் எடை 86 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் அவளுக்குப் பசி அடங்காது. லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் மற்றப் பிள்ளைகளைப் போலச் சாப்பிட்டாள், எடையும் இறங்கியது. அவளுடைய மன உறுதி அந்த ஊசிக்கு முன்னும் பின்னும் ஒன்றேதான். இந்தக் குறைபாடு மிக அரிது. பருமனானவர் எல்லோருக்கும் இதுவே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பசியும் நிறைவும் ஒருவர் நினைத்தால் போட்டு அணைக்கிற சுவிட்ச் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

இளைத்தவர்களின் கதை இன்னும் கடினம். எடை குறைக்கும் போட்டியாக நடந்த அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் போட்டியாளர்கள் 14 பேரைக் கெவின் ஹால் ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார். பெரும்பாலோருக்கு இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவிடும் ஆற்றல், அந்த எடைக்கு எதிர்பார்க்கத் தக்கதைவிடச் சராசரியாக நாளுக்கு 500 கலோரி குறைவு. பட்டினி காலத்துக்கென்று உருவான சிக்கனம் அது. இவற்றோடு தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு மாத்திரை, சில மனநல மருந்துகள், தூக்கம் கெட்ட இரவு ஷிஃப்ட் என்று எடை கூட வழிகள் பல. விலை மலிவானதும் எளிதில் கிடைப்பதும் மைதாவும் எண்ணெயும் சர்க்கரையும்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேலிக்குத் தனிக் குணம் ஒன்று உண்டு. கொழுகொழு குழந்தைக்குத் திருஷ்டி சுற்றிப் போடும் அதே வீடு, அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானதும் பூசணிக்காய் என்கிறது. பெண் பிள்ளையானால் அதோடு கல்யாணக் கவலையும் சேர்ந்துகொள்ளும். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொல்வாங்களோ" என்ற பேச்சு சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே நடக்கும். பி.டி. பீரியடில் வகுப்பே நின்று வேடிக்கை பார்க்கும். துணிக்கடையில், "உங்க சைஸ் வராதும்மா" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லப்படும். இத்தனைக்கும் சிரிக்கப்படுபவர்கள் கொஞ்சப் பேர் அல்லர். 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் எடை மிகுந்தவர்கள் அல்லது பருமனானவர்கள். பத்துப் பேர் கூடிய குடும்ப விழாவில் ஒருவரைப் பார்த்து மற்றவர் சிரித்தால், அந்தச் சிரிப்பு ஏறக்குறைய இன்னும் மூன்று பேர் மேலும் விழும்.

சினிமா இதைத் தொழிலாகவே செய்தது. உமா தேவி பம்பாயில் நௌஷாத்தின் இசையில் 1947-ல் ‘தர்த்’ படத்துக்குப் பாடிப் புகழ் பெற்றவர். பிறகு நகைச்சுவை நடிகையாகி ‘டுன் டுன்’ ஆனார். வட இந்தியாவில் குண்டான பெண்ணைக் கிண்டல் செய்ய அந்தப் பெயரே போதும் என்றாயிற்று. குரல் மறந்துபோய் உடம்பு நினைவில் நின்றது. தமிழில் கல்யாணம் என்ற நடிகருக்கு ‘குண்டு’ பெயரிலேயே ஒட்டிக்கொண்டது. குண்டான பாத்திரம் காதலிப்பதே காமெடி என்ற எழுதாத விதியைப் பல படங்கள் இன்றும் கைவிடவில்லை.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றோம்" என்பது கேலி செய்பவர்களின் கடைசி வாதம். இங்கிலாந்தில் ஐம்பது வயதைக் கடந்த 2,944 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2014-ல் வெளியானது. எடையின் பேரில் பாகுபாட்டை அனுபவித்ததாகச் சொன்னவர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ கூடியிருந்தது. மற்றவர்களுக்குக் கொஞ்சம் குறைந்திருந்தது. அவமானப்பட்டவர் ஆறுதலுக்குச் சாப்பாட்டையே நாடுவதும், நாலு பேர் பார்க்கும் உடற்பயிற்சிக் கூடத்தைத் தவிர்ப்பதும் இயல்பு. மருத்துவமனையையும் தவிர்க்கிறார்கள்; அதுதான் ஆபத்து. முழங்கால் வலியோ மூச்சுத் திணறலோ, எதைச் சொன்னாலும் "முதல்ல வெயிட்டைக் குறைங்க" என்று மருத்துவர் முடித்துவிட்டால், அடியில் இருக்கும் நோய் கவனிக்கப்படாமல் போகும். பருமனால் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மையே. அந்த உண்மைதான் இவர்களை மருத்துவரிடமிருந்து விரட்டக் கூடாது என்பதற்கும் காரணம். 2020-ல் பல நாட்டு நிபுணர்கள் கூடி நேச்சர் மெடிசின் இதழில் வெளியிட்ட கூட்டறிக்கை, பருமனானவர்களை இழிவுபடுத்தும் போக்குக்கு முடிவு கட்ட வேண்டும் என்றது.

வேலையிலும் எடை குறுக்கே வரும். ஏர் இந்தியா 2009-ல் எடை வரம்பைத் தாண்டிய பணிப்பெண்கள் சிலரை நீக்கியது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1976-ல் இயற்றிய சட்டப்படி வேலையில் எடை பார்த்துப் பாகுபாடு காட்டுவது குற்றம். நியூயார்க் நகரம் 2023-ல் இதற்குச் சட்டம் போட்டது. இந்திய அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு கூடாது என்கிறது. எடை அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு ராகிங் தடைச் சட்டம் மாணவரைக் கேலி செய்வதையும் குற்றமாகச் சொல்கிறது. அது உருவக் கேலிக்கும் பொருந்தும். ஆனால் அதன் எல்லை கல்வி நிறுவனங்கள்தான். அலுவலகமும் பேருந்தும் துணிக்கடையும் அதற்குள் வருவதில்லை.