காத்தாடி விமானத்தைக் கேலி செய்யாதீர்கள்

அன்பு மாணவர்களே, சொந்தங்களே,

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமானத்தில் போனோம். ஏடிஆர் 72 ரகம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய காத்தாடி. "என்ன மாமா, இந்தக் காலத்துல போய் காத்தாடி விமானமா?" என்று சிரித்தார் மருமகன். அன்று இரவே குடும்பக் குழுவில் ஒரு வீடியோ போட்டார்: ஐந்தே வருடத்தில் எல்லா விமானங்களும் பேட்டரியில் பறக்குமாம்! அதே வீடியோவை என்னிடம் இயற்பியல் படித்த மூன்று பேரும் எனக்கு அனுப்பியிருந்தார்கள். அதுதான் வலித்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? ஒரு கிலோ விமான எரிபொருளில் ஏறக்குறைய 12 யூனிட் ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ லித்தியம் பேட்டரியில் கால் யூனிட். மின்மோட்டாரின் திறன் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். அதைக் கழித்தாலும் சுமார் 20 மடங்கு பின்தங்கல். எரிபொருள் எரிய எரிய விமானம் இலேசாகும். தீர்ந்துபோன பேட்டரியோ அதே கனத்தோடுதான் தரையிறங்கும். பயிற்சி விமானத்துக்குப் பேட்டரி போதும். 180 பேரை டெல்லிக்குக் கொண்டுபோகப் போதாது.

ஹைட்ரஜன்? எடைக்கு எடை மூன்று மடங்கு ஆற்றல்தான். ஆனால் மைனஸ் 253 டிகிரியில் திரவமாக்கினாலும் நாலு மடங்கு இடம் பிடிக்கும். 2035-க்குள் ஹைட்ரஜன் விமானம் என்று 2020-இல் அறிவித்த ஏர்பஸ், 2025-இல் அந்தக் கெடுவைத் தள்ளிப்போட்டுவிட்டது.

இப்போது நீங்கள் சிரித்த காத்தாடிக்கு வருவோம். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளலாம். கொஞ்சம் காற்றை வேகமாகவும் தள்ளலாம். காற்றின் அளவை இரட்டித்து வேகத்தைப் பாதியாக்கினால் உந்துவிசை அதேதான். காற்றுக்குக் கொடுக்கும் இயக்க ஆற்றலோ பாதி. பதினோராம் வகுப்புப் பாடம் இது! அதனால்தான் குறைந்த தூரத்தில், அதே அளவு ஆட்களை ஏற்றும் ஜெட்டைவிட இந்தக் காத்தாடி கணிசமாகக் குறைவாகக் குடிக்கிறது. நாங்கள் ஜெட்டில் போயிருந்தால் இருபது நிமிடம் மிச்சமாகியிருக்கலாம். அந்த இருபது நிமிடம் பெட்டி வரும் இடத்தில் நின்றே போயிருக்கும்.

நீண்ட தூரத்துக்கும் விடை இந்தத் திசையில்தான். உறையில்லாத பெரிய விசிறி கொண்ட ஜி.இ. நிறுவனத்தின் எஞ்சின் 1986-லேயே போயிங் 727-இல் பறந்தது. நன்றாகவே சிக்கனம் காட்டியது. எண்ணெய் விலை இறங்கியது. மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். அதே யோசனையைத்தான் சி.எஃப்.எம். நிறுவனம் 2021-இல் மறுபடி கையில் எடுத்து, 20 சதவீதம் மிச்சம் என்று இலக்கு வைத்திருக்கிறது. நடுவில் போன 35 வருடத்துக்கு யார் பொறுப்பு? அறிவியல் இல்லை. மலிவு எண்ணெயும் நம் அலட்சியமும்தான்.

ஆகவே, அற்புதம் வரும் என்று வீடியோ பார்த்துக் காத்திருக்காதீர்கள். கிட்டத்து ஊருக்குக் காத்தாடி விமானம் இருந்தால் முகம் சுளிக்காமல் ஏறுங்கள். இரவு ரயில் இருந்தால் இன்னும் நல்லது.

கணக்கில் தப்பிருந்தால் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். வெறும் கைதட்டல் பொம்மை மட்டும் போட்டால் மதிப்பெண் கிடையாது.

மருமகனே, கோபம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள்.

உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்