சூரியகாந்தியும் இறக்குமதி வரியும்

தென்காசி அருகே சுந்தரபாண்டியபுரத்தில் ஆடி மாதம் சூரியகாந்தி பூத்தால், கேரளத்திலிருந்துகூட வண்டி கட்டி வந்து படம் எடுக்கிறார்கள். குற்றாலம் போன வழியில் நானும் பார்த்தேன், கண்ணுக்குக் குளிர்ச்சிதான். ஆனால் பொம்மிடியில் நாம் விற்கும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி ரஷ்யா, உக்ரைன், அர்ஜென்டினாவிலிருந்து கப்பலில் வருவது. 2022-ல் அங்கே போர் மூண்டதும் இங்கே விலை ஏறியது. வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்கியது நாம்தான்! 2024 செப்டம்பரில் கச்சா எண்ணெய்க்கு அடிப்படை இறக்குமதி வரி 20 சதவீதம் என்றார்கள். 2025 மே கடைசியில் அதையே 10 ஆக்கினார்கள். கூடுதல் வரியில் சரக்கு எடுத்து அடுக்கியவர் கதி என்ன? அந்த வரியை நம்பி விதைத்த விவசாயி கதி என்ன? விதைப்புக்கு முன் அறிவிக்கும் வரியை அறுவடை முடியும்வரை மாற்றக் கூடாது. நமது சங்கம் இதைத் தீர்மானமாகவே போட்டு மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும்.