இசைமுரசின் குரல் தளர்ந்தது ஏன்?



கூடுவாஞ்சேரியிலிருந்து சகோதரர் ஒருவர் நீண்ட மடல் ஒன்று வரைந்திருக்கிறார். அவருடைய அத்தா ஜித்தாவில் பல்லாண்டுகள் பணியாற்றிவிட்டு ஊர் திரும்புகையில் ஜப்பானியத் தயாரிப்பான ரிக்கார்டு பிளேயர் ஒன்றைக் கொண்டு வந்தாராம். அத்தா மர்ஹூமாகி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. பெட்டி பரண்மேல் கிடந்தது. அண்மையில் அதை இறக்கித் துடைத்து, 220 வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்பார்மரையும் வாங்கி இணைத்து, நாகூர் ஹனிபா அவர்களின் இசைத்தட்டு ஒன்றை வைத்திருக்கிறார். பாட்டு வந்தது. ஆனால் கம்பீரத்துக்குப் பெயர் பெற்ற அந்தக் குரல், நோயில் கிடப்பவர் முனகுவதுபோல் இழுத்து இழுத்து வந்ததாம். கேட்டிருந்த தாயார், "இது அவர் குரலே இல்லை, நிறுத்து" என்று எழுந்து போய்விட்டாராம். பழுது பார்ப்பவர் ஒருவரோ, "தட்டுகள் தேய்ந்துவிட்டன, எடைக்குப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டார். போட்டுவிடலாமா என்பது சகோதரரின் வினா.

போடாதீர்கள். தட்டு தேய்ந்தால் இரைச்சல் வரும், உச்சத்தில் குரல் கரகரக்கும். குரல் தாழ்ந்து போகாது. குரல் தாழ்வதற்கு ஒரே காரணம், தட்டு மெதுவாகச் சுழல்வதுதான். ஏன் மெதுவாகச் சுழல்கிறது என்பதற்கான விடை "ஜித்தா" என்ற ஒரு சொல்லில் இருக்கிறது.

நம் நாட்டு மின்சாரம் ஒரு விநாடிக்கு 50 முறை திசை மாறிச் சுழல்வது. துபாய், குவைத், கத்தார், மஸ்கட், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும் 50 தான். சவூதி அரேபியாவில் மட்டும் அமெரிக்காவைப் போல 60. அந்நாட்களில் அங்கே வீடுகளில் 127 வோல்ட் இருந்ததைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், 60 சுழற்சியை நினைவில் வைத்தவர்கள் குறைவு. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், சுழற்சியைத் தொடாது. அக்காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ள ஏ.சி. மோட்டார் இந்தச் சுழற்சியைப் பற்றிக்கொண்டே ஓடுவது. 60-க்குச் செய்த மோட்டாரை 50-ல் ஓட்டினால் ஆறில் ஐந்து பங்கு வேகமே கிடைக்கும். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சொச்சம் சுற்ற வேண்டிய தட்டு, இருபத்தெட்டுக்கும் குறைவாகச் சுற்றும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். அந்த அம்மையார் "இது அவர் குரலே இல்லை" என்று சொன்னது முற்றிலும் சரி. பழுது பார்ப்பவரைவிட அவருடைய செவி நுட்பமானது.

இதை எவ்விதக் கருவியும் இன்றி உறுதி செய்துகொள்ளலாம். தட்டின் விளிம்பில் சிறு காகிதத் துண்டை ஒட்டிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் எண்ணுங்கள். சரியான வேகமெனில் 100 சுற்று வரும். 83 வந்தால் குற்றவாளி மின்சுழற்சியே. 90, 95 என்று இடைப்பட்டு வந்தாலோ, ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை மாறினாலோ, காரணம் வேறு. பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது அச்சில் இட்ட பழைய கிரீஸ் இறுகிப் பிசினாகியிருக்கும். (வேகத்தைத் திருத்தும் குமிழ் உள்ள சில பெட்டிகளில் டி.சி. மோட்டார் இருக்கும். அவற்றுக்கு 50-ம் ஒன்றே, 60-ம் ஒன்றே.)

இனிப் பரிகாரத்துக்கு வருவோம். மின் இணைப்பைப் பிடுங்கி வைத்துவிட்டே பெட்டியைத் திறக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுழலும் தட்டைத் தூக்கினால் உள்ளே ரப்பர் பெல்ட் தெரியும், அல்லது பெல்ட் இருந்த இடத்தில் தார் போன்ற கறுப்புப் பசை தெரியும். நம் கடற்கரைப் பக்கத்துப் புழுக்கத்தில் பழைய ரப்பர் அப்படித்தான் உருகிவிடுகிறது. அதை ஸ்பிரிட் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்தெடுங்கள். புதிய பெல்ட் வாங்க, பெல்ட் ஓடும் வழியை நூலால் சுற்றி அளந்து, அதைவிடச் சற்றே குறைந்த சுற்றளவில் கேளுங்கள். இழுத்துப் பிடிக்க இடம் வேண்டுமல்லவா?

அந்தப் பெல்ட்டை இழுக்கும் சிறு பித்தளை உருளைதான் புல்லி. நம் நோய்க்கு மருந்து அங்கேதான். மோட்டார் ஆறில் ஐந்தாகக் குறைந்தால், புல்லியின் விட்டத்தை ஐந்துக்கு ஆறாகப் பெருக்கினால் கணக்கு நேராகிவிடும். 10 மில்லிமீட்டர் இருந்தால் 12 ஆக வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. பெல்ட்டின் கனத்தையும் விட்டத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். பெல்ட் அரை மில்லிமீட்டர் கனமெனில், பத்தரையை ஐந்தால் வகுத்து ஆறால் பெருக்கினால் 12.6. அதில் அரையைக் கழித்தால் 12.1. இந்தப் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் எதற்கு என்று அலட்சியம் செய்தால், குரலில் அது ஒட்டிக்கொண்டே இருக்கும். புல்லியில் 33-க்கு ஒரு படியும் 45-க்கு ஒரு படியுமாக இரண்டு இருக்கும். இரண்டையும் தனித்தனியே கணக்கிடுங்கள்.

சில ஜப்பானிய நிறுவனங்கள் இரு வகைப் புல்லிகளையும் செய்து வைத்தன, ஏனெனில் ஜப்பானிலேயே கிழக்குப் பகுதியில் 50, மேற்குப் பகுதியில் 60. பெட்டிக்குள் மாற்றுப் புல்லி ஒன்று திருகி வைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையெனில், பழைய புல்லியைக் கையோடு எடுத்துக்கொண்டு ஒரு நல்ல லேத் பட்டறைக்குச் செல்லுங்கள். ஜி.எஸ்.டி. சாலை நெடுகத் தொழிற்கூடங்களுக்குக் குறைவில்லை. வெர்னியர் அளவைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். துளை மையத்தில் அமைய வேண்டும் என்பதை வலியுறுத்துங்கள். மையம் பிசகினால் பாட்டு அலைபோல் ஏறி இறங்கும்.

60-க்குச் செய்த மோட்டார் 50-ல் சற்றுக் கூடுதலாகச் சூடேறும். ஆகவே 127-க்குப் பதிலாக 110 வோல்ட் தரும் டிரான்ஸ்பார்மர் நல்லது. அரை மணி ஓட்டிவிட்டு, இணைப்பைப் பிடுங்கி மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கும் சூடெனில் கவலையில்லை. அச்சுக்குத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் விடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது நாளடைவில் பிசினாகி மோட்டாரையே பிடித்துவிடும்.

அடுத்தது ஊசி. என்னைக் கேட்டால், வேகத்தைவிட இதுவே பெரிது. வேகம் தவறினால் குரல் தவறும், அவ்வளவே. ஊசி தவறினால் தட்டே அழியும். அன்றைய சிறு போர்ட்டபிள் பெட்டிகளில் கனத்த கைகளும் செராமிக் கார்ட்ரிட்ஜுகளும் இருந்தன. அவை ஐந்து கிராம் அளவில் தட்டை அழுத்துபவை. இப்போது கிடைக்கும் காந்த வகைக் கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு கிராம் போதும். கை சமன் செய்யும் எடை கொண்ட பெட்டியெனில் இதை மாற்றிவிடுவதே சிறப்பு. ஆனால் அதன் மின்குரல் மிக மெல்லியது. அதற்கென்று தனியே ஒரு போனோ பிரீ-ஆம்ப் வைத்தால்தான் ஆம்பிளிஃபயருக்கு எட்டும். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் அது கிடைக்கும்.

அழுத்தத்தை அளக்கத் தங்க நகை நிறுக்கும் சிறு மின்தராசு இருந்தால் நல்லது. இல்லாவிடினும் வழியுண்டு. 2011-ல் அறிமுகமான வகை ஒரு ரூபாய் நாணயம் ஏறத்தாழ 3.8 கிராம். இலேசான அடிக்கோல் ஒன்றைப் பென்சிலின்மேல் நடுவில் வைத்துச் சமன் செய்யுங்கள். ஒரு பக்கம் நடுவிலிருந்து 5 செ.மீ. தொலைவில் நாணயம், மறுபக்கம் 10 செ.மீ. தொலைவில் ஊசி. கோல் சமமாக நின்றால் ஊசியின் அழுத்தம் 1.9 கிராம்.

உங்கள் வீட்டில் 78 வேகத்துப் பழைய தட்டுகளும் இருக்கலாம். மேலைநாடுகள் அவற்றைக் கைவிட்ட பின்னும் நம் நாட்டில் அவை வந்துகொண்டிருந்தன. 1960-களின் நடுவில்கூட பீட்டில்ஸ் குழுவினரின் பாடல்கள் இந்தியாவில் 78 தட்டுகளாக வெளியாயின. அவற்றின் பள்ளம் அகலமானது, ஊசிமுனை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் மூன்று பங்கு இருக்க வேண்டும். எல்.பி. ஊசியோ ஒரு பங்குக்கும் குறைவு. ஒன்றின் ஊசியை மற்றதற்குப் பயன்படுத்தலாகாது. அதைவிட முக்கியமானது, அந்தத் தட்டுகளை ஸ்பிரிட்டால் துடைத்துவிடாதீர்கள். அவை அரக்கினால் ஆனவை. மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுவோர் அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள்? உங்கள் கண்முன்னே பள்ளங்கள் கரைந்து போகும். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி மென்சோப்பு, மெல்லிய துணி, நடுவிலுள்ள காகிதம் நனையாத கவனம். இவை போதும்.

இசைக்கருவிகளைக் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவேன். அது இப்பகுதிக்கு உரிய விவாதமன்று. ஆனால் அரபு நாடுகளிலிருந்து வந்த பெட்டிகளோடு ஓதல் தட்டுகளும் வந்திருக்கக்கூடும். எகிப்தின் ஷெய்க் மஹ்மூத் கலீல் அல் ஹுஸரீ அவர்கள் முழுக் குர்ஆனையும் ஓதிய பதிவு 1961-ல் வெளிவந்தது. ஷெய்க் அப்துல் பாஸித் அவர்களின் தட்டுகளும் உலகெங்கும் பரவின. பாட்டில் ஊசி ஒரு வரி தாண்டினால் சிரித்துவிட்டுப் போகலாம். ஓதலில் ஊசி தாண்டினால் ஓர் ஆயத்தின் சொல்லே விடுபட்டுவிடுகிறது. கீறல் விழுந்த அத்தகைய தட்டை ஓடவிட்டுப் பிள்ளைகளுக்கு ஓதக் கற்பிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

உதிரிப் பொருள் தேடுவோர்க்கு ஒரு செய்தி. கூடுவாஞ்சேரியில் மின்ரயில் ஏறினால் பல்லாவரத்தில் இறங்கலாம். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே கூடும் பழஞ்சந்தையில் பழைய பிளேயர்களும் தட்டுகளும் வரும். காலையிலேயே போய்விட்டால் ஜும்ஆவுக்கு முன் முடித்துவிடலாம். அதே ரயிலில் பூங்கா நிலையம் வரை சென்றால் அல்லிக்குளம் வணிக வளாகம். 1985-ல் மூர் மார்க்கெட் தீக்கிரையான பின் அங்கிருந்த வணிகர்களுக்காக எழுந்த இடம் அது. சந்தையில் வாங்கும் பெட்டியின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்து வாங்குங்கள். வெளி மெருகைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, ஹனிபா அவர்களின் பாடல்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றனவே என்று நண்பர் ஒருவர் கேட்டார். கிடைக்கின்றன, உண்மைதான். 1925-ல் பிறந்து 2015 ஏப்ரல் 8-ல் வஃபாத்தான அப்பெருமகனாரின் குரலை இன்று தேடிப் பிடிப்பது அரிதன்று. ஆனால் அந்தத் தாயார் கேட்க விரும்புவது, கணவர் தம் கையால் ஊசியை வைத்து ஓடவிட்ட அந்தத் தட்டை. கைப்பேசி அதைத் தராது. தட்டு ஒழுங்காக ஓடத் தொடங்கியதும், பிரீ-ஆம்பிலிருந்து ஒரு கம்பியைக் கணினிக்குக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பதிவில் அந்தத் தட்டுக்கே உரிய கீறல் ஒலியும் இருக்கும். அதை நீக்கிவிட வேண்டாம்.

சகோதரரே, புல்லி வந்ததும் அத்தாவின் தட்டை எடுத்து வைத்துவிடாதீர்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் வேறொரு தட்டை முதலில் வைத்து மூன்று நிமிடம் எண்ணுங்கள். 100 வந்து, ஊசியின் அழுத்தமும் சரியாக இருந்தால் தாயாரை அழையுங்கள். முடிவை எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், பெல்ட்டுக்குப் பதில் ரப்பர்ச் சக்கரம் கொண்ட பழைய கரார்ட், பி.எஸ்.ஆர். பெட்டிகளைப் பற்றி அடுத்த இதழில் காண்போம்.