"மறந்துவிடு" என்பது நஸீஹத் ஆகாது



மணமுறிவு நிகழ்ந்த வீட்டிற்குச் சென்று நம்மவர்கள் கூறும் முதற்சொல் "மறந்துவிடு" என்பதே. மறுவாரமே அதே நாவு, "என்னதான் நடந்தது?" என்று கிளறுகிறது. இதனை நஸீஹத் என்றழைக்க நான் உடன்படேன்.

என்னிடம் ஓதிய இளைஞர் ஒருவர், தலாக் நிகழ்ந்து ஈராண்டு கழிந்த பின்னும், சாரல் தொடங்கியதும் தென்காசியிலிருந்து ஐந்தருவிக்குச் செல்வார். மணமான புதிதில் இருவரும் நின்ற இடத்தில் தனியே நிற்பார். இரவில் அப்பெண்ணின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்ப்பார். இதனை விசுவாசம் என்று எண்ணியிருந்தார். இத்தா முடிந்தபின் அவள் அந்நியப் பெண்; இது விசுவாசமன்று என்றேன்.

ஆயினும் கண்ணீரையே குற்றமாக்குவோருடன் நான் இல்லை. ஸஹீஹ் புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்வைப் பாருங்கள். விடுதலை பெற்ற பரீரா (ரலி), அடிமையாயிருந்த தம் கணவர் முகீஸை (ரலி) பிரியத் தீர்மானித்தார். முகீஸ் தாடி நனைய அழுதவாறு அவரைப் பின்தொடர்ந்தார். மீண்டும் சேரலாமே என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். இது கட்டளையா என்று பரீரா வினவ, பரிந்துரையே என்றார்கள். அவர் மறுத்துவிட்டார்; நபியவர்கள் வற்புறுத்தவில்லை. அழுதவரை ஏசவுமில்லை. நம் ஜமாஅத் பஞ்சாயத்துகளிலோ பரிந்துரை கட்டளையாகிறது. கண்ணீர் பரிகாசத்திற்கு உள்ளாகிறது. அழுவது வேறு, அவள் பதிலை மதியாதிருப்பது வேறு என்பதை யாரும் பிரித்துரைப்பதில்லை.

மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கும் (2:228), கணவனை இழந்தவளுக்கும் (2:234) திருக்குர்ஆன் காலவரையறை விதிக்கிறது. பிரிவுக்கும் ஒரு கணக்குண்டு என்ற பாடம் அதில் உள்ளது. ஆணுக்கு இத்தா இல்லை. அதனால் அவன் துயருக்கு எல்லையே வேண்டாமா?

அவ்விளைஞரிடம் நான் கூறியவை சிறிய காரியங்களே: அவள் எண்ணையும் படங்களையும் அழித்துவிடுக, அவள் வீட்டுத் தெருவழியே பள்ளிவாசலுக்குச் செல்லாமல் வேறு வழியே செல்க, அலைபேசியைத் துழாவும் அந்நேரத்தில் இரண்டு ரக்அத் தொழுக, சாரலுக்குத் தாயாரைப் பழைய குற்றாலத்திற்கு அழைத்துச் செல்க. குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்பது நபிமொழியன்றோ!

முதல் மாதத்திலேயே அவர் அழித்த எண்ணை எவரிடமோ கேட்டு வாங்கினார். பிறகு வருந்தி மீண்டும் அழித்தார். நான் கடிந்துகொள்ளவில்லை. சென்ற சாரலில் தாயாருடன் சென்று வந்தவர், அருவியில் கூட்டம் மிகுதி என்று மட்டும் குறைபட்டுக்கொண்டார்.

மஹல்லாவாசிகளே, உங்களுக்கும் சிறு கடமைகள் உள. "வாழாவெட்டி" என்ற சொல்லை இன்றே விட்டொழியுங்கள். நிக்காஹ் வீடுகளில் அப்பெண்ணை ஓரமாக அமர்த்தாதீர்கள். பிரிந்தவனிடம் பழங்கதை கேளாதீர்கள். பிரியும் இருவரையும் தன் அருளால் தன்னிறைவாக்குவதாக அல்லாஹ் வாக்களிக்கிறான் (4:130). அவன் திறந்த வாசலை நம் நாவால் அடைக்க நமக்கு உரிமை தந்தவர் யார்?

அழகிய முறையில் விடுவிக்கவும், விடுபடவும் வல்ல நாயன் நமக்குத் துணைபுரிவானாக. ஆமீன்.