வாயு போகட்டும், கரைசல் திரும்பட்டும்

பயிர்க் கழிவில் பாக்டீரியாவை விட்டு ஹைட்ரஜன் எரிபொருள் எடுக்கலாம் என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுது. ஒன்றிய அரசு 2023 ஜனவரியில் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. பயிர்க் கழிவில் எடுப்பதையும் அந்தப் பசுமைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். நம்ம மாநிலத்துக்கு இது புதுசும் இல்லை. சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைக் கழிவை வைத்து இதைச் செய்து காட்டியது.

நாளைக்குச் சின்னமனூர் வாழை மரத்தையும் கம்பத்துத் திராட்சைக் கவாத்துக் குச்சியையும் கேட்டு லாரி வரலாம். அதுக்கு முன்னால் நாம் கணக்குப் பார்த்துவிடணும்.

சாணத்தைச் சூடாக்கினால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர் செத்துப்போகும். வித்தாக உறங்கும் கிளாஸ்டிரிடியம் பிழைத்துக்கொள்ளும். காற்றில்லாத தொட்டியில் அது மாவையும் சர்க்கரையையும் தின்று ஹைட்ரஜனை விடும். ஒரு கிலோ சர்க்கரைக்கு ஏட்டுக் கணக்கே 44 கிராம்தான்; நடைமுறையில் பாதி வந்தால் பெரிசு. மீதியில் பெரும்பகுதி புளித்த அமிலமாகத் தொட்டியில் நிற்கும். வைக்கோல், குச்சி என்றால் நாரை உடைக்கத் தனிச் செலவு.

நமக்கு முக்கியமான சங்கதி இதுதான். வெளியே போறது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும். தழை, மணி, சாம்பல் சத்து பெரும்பாலும் கரைசலிலேயே தங்கிடும். வாழை சாம்பல் சத்தை அள்ளித் தின்னும் பயிர். நாட்டுக்குத் தேவையான பொட்டாஷ் ஏறக்குறைய முழுதும் இறக்குமதி. கரைசல் ஆலையிலேயே நின்றுபோனால் நம்ம மண்ணைத்தான் லாரி ஏற்றி அனுப்புறோம். வைக்கோல் ஏற்கெனவே கட்டுக் கட்டாகக் குமுளி ஏறிப் போகுது. அது சாணமாகக்கூடத் திரும்புறதில்லை.

ஹைட்ரஜனை எதிர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சந்தையில் அழுகும் காய்கறி, பழமும் ஆலைக் கழிவுநீரும் முதலில் தொட்டிக்குப் போகட்டும். நம்ம வயலில் மூடாக்குக்குப் போக மிஞ்சியதை மட்டும் கொடுப்போம். வாழைத்தண்டில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். தூரம் ஏற்றினால் கட்டுப்படியாகாது. தொட்டி ஊர்ப்பக்கத்தில், உழவர் கூட்டாக நடத்துவதாக இருக்கணும். வீட்டு அடுப்புக்குச் சாண எரிவாயுவே போதும். நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தி உருளையில் அடைக்கிற வாயு தொழுவத்துக்கு ஆகாது.

ஒப்பந்தம் என்று யாராவது வந்தால், டன்னுக்கு என்ன விலை என்று கேட்கும் முன்னே, கரைசல் யார் செலவில், எத்தனை நாளில் எங்கள் வயலுக்குத் திரும்பும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.