மறுப்புக்கும் சான்று வேண்டும்!

"கடவுள் உண்டு" என்பானிடம் சான்று கேட்பது முறை, கேட்கவே வேண்டும். சான்று தாராமல் அச்சத்தை விதைத்து, வடமொழி முணுமுணுப்பைக் கருவறையில் ஏற்றித் தமிழை வாயிலில் நிறுத்திய கூட்டத்தை யாம் என்றும் ஏற்றதில்லை. இனியும் ஏற்கப் போவதில்லை. ஆனால், "கடவுள் இல்லை" என்று முழங்குவானிடம் அதே சான்றைக் கேட்டவுடன், "நீ பழமைப் பித்தன், ஆரியத்தின் அடிவருடி" என்னும் வசையே விடையாக வருமாயின், அதனையும் யாம் ஏற்பதற்கில்லை. வசை விடையாகாது. உரத்த குரல் சான்றாகாது.

நம் அன்பர் சிலர், இறைமறுப்பாளன் அல்லாதான் உண்மைத் தமிழனே அல்லன் என்று பேசத் தலைப்பட்டுள்ளனர். "கடவுள் இல்லை என்பதை அறிவியல் நிறுவிவிட்டது" என்பதே அவர்தம் அடிப்படை. எங்கே நிறுவிற்று? எந்த ஆய்வால்? எந்த அளவையால்? இவ் வினாக்களுக்கு அவர்கள் தரும் விடைகளை ஒவ்வொன்றாக உரைத்துப் பார்ப்போம்.

மேடைதோறும் கைதட்டல் பெறும் விடை ஒன்றுண்டு: "விண்வெளிக்குச் சென்ற ககாரின், அங்கே கடவுளைக் காணவில்லை என்றார்!" என்பது அது. யூரி ககாரின் 1961ஆம் ஆண்டு ஏப்பிரல் 12ஆம் நாள் 108 மணித்துளிகளில் உலகைச் சுற்றி வந்தது உண்மை. ஆனால், அவர் விண்கலத்திலிருந்து பேசியவற்றின் பதிவில் இச் சொற்கள் இல்லை. அவை குருசேவ் தம் கட்சிக் கூட்டத்தில் பேசியவை என்றும், ககாரின் அவ்வாறு கூறவேயில்லை என்றும் அவருடைய நண்பரான படைத்துறையாளர் ஒருவர் 2006ஆம் ஆண்டில் தெளிவுறுத்தினார். அடுத்துச் சென்ற தித்தோவ் 1962இல் அமெரிக்காவில் இத்தகைய கருத்தைக் கூறியதுண்டு. ஆயினும் நம் மேடைகள் பற்றிக்கொண்டது ககாரினின் பெயரையே.

சொன்னவர் எவராயினும் ஆகுக. ககாரின் எட்டிய பேருயரம் ஏறத்தாழ 327 கிலோமீட்டர். இது புவியின் ஆரத்தில் இருபதில் ஒரு பங்கே. பனம்பழத்தின் தோல் மேல் ஊர்ந்த எறும்பு, "உலகெலாம் பார்த்துவிட்டேன், ஒருவரையும் காணேன்" என்றால் அஃது ஆய்வுரையா? மேலும், எல்லாவற்றையும் கடந்தும் உள்நின்றும் இருப்பது என்று பொருளுரைக்கப்பட்ட ஒன்றை, மேலே ஓரிடத்தில் இருக்கையிட்டு அமர்ந்திருக்கும் ஆளாக எண்ணித் தேடியது யார் பிழை? புலவனைக் கேட்டு மறுப்பதை விட்டுப் பொம்மையைச் செய்து உடைப்பது ஏரணமன்று.

"காணப்படவில்லை, ஆதலின் இல்லை" என்பது அடுத்த விடை. இதில் பாதி உண்மை உண்டு. வகுப்பறையில் யானை இருந்தால் கண்ணுக்குத் தப்பாது. ஆகவே, காணாமையால் அதன் இன்மையைத் துணியலாம். ஆனால் நுண்ணுயிர்? ஆலந்து நாட்டுத் துணி வணிகர் ஒருவர் 1670களில் கண்ணாடி வில்லையின் வழியே பார்க்கும் வரையில் மாந்தர் கண்ணுக்கு அது படவில்லை. படாத காலத்திலும் அது நோய் தந்துகொண்டுதான் இருந்தது. இருந்தால் கண்டே தீரவேண்டிய பொருளுக்கே காணாமை சான்றாகும், பிறவற்றுக்கு ஆகாது. "உண்டு என்பவனே முதலில் சான்று தரவேண்டும்" என்பது சரி. அவன் தாராதபோது "நான் ஏற்கவில்லை" எனலாம், அது நேர்மை. "இல்லையென்று நிறுவிவிட்டேன்" எனல் ஆகாது, அது தாவல்.

அறிஞர் பெர்ட்ரண்டு இரசல் பெயரையும் நம்மவர் அடிக்கடி சொல்வர். அவர் பேரறிஞர், ஐயமில்லை. 1948ஆம் ஆண்டு பிரித்தானிய வானொலியில் கோப்பிள்சுட்டன் என்னும் கிறித்தவத் துறவியொடு அவர் சொற்போர் நிகழ்த்தினார். இப் புடவி முழுமைக்கும் கரணியம் யாது என்று வினவப்பட்டபோது, புடவி இருக்கிறது, அவ்வளவே என்னும் கருத்துப்பட விடையிறுத்தார். அப்படியும் இருக்கலாம். ஆனால் அஃது ஆய்ந்து கண்ட முடிவன்று. வினாவுக்கு இட்ட தாழ்ப்பாள். "கடவுள் இருக்கிறார், அவ்வளவே" என்று ஒரு பூசகர் சொன்னால் கைகொட்டிச் சிரிக்கும் நாம், இதற்கு மட்டும் தலையசைப்பது ஏன்?

நம்பிக்கை சான்றை எவ்வாறு மிதிக்கும் என்பதற்குச் சோவியத்து நாடே பெருஞ்சான்று. அங்கே 1925இல் இறைமறுப்பாளர் கழகம் தோன்றியது. 1930களின் தொடக்கத்தில் ஐம்பது இலக்கம் உறுப்பினரைக் கொண்டதாகச் சொல்லிக்கொண்டது. கல்வி பெருகினால், கோயில்களை மூடினால், சமயம் தானே உதிர்ந்துவிடும் என்று கணித்தனர். 1937ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் சமய வினாவும் இருந்தது. பதினாறு அகவைக்கு மேற்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள், கொடுமைகள் நடந்த அந்நாளிலும், தாம் சமயப் பற்றுடையவர்கள் என்றே விடை எழுதினர்! கணிப்புப் பொய்த்தது. கணிப்பைத் திருத்தினார்களா? இல்லை; கணக்கை மறைத்தார்கள். மக்கள்தொகை எதிர்பார்த்ததினும் குறைந்திருந்ததே மறைத்ததற்குத் தலையாய கரணியம். ஆனால், எண்ணியவர்கள் சிறைப்பட்டனர், சிலர் சுடப்பட்டனர். 1939இல் எடுத்த புதுக் கணக்கில் சமய வினாவே இல்லை! சான்று கண்டு அஞ்சுவது பகுத்தறிவா? அதற்குப் பெயர் வேறன்றோ?

இவற்றால் கடவுள் உண்டென்று நிறுவப்பட்டது எனக் கொள்ளற்க. இக் கட்டுரையின் நோக்கம் அதுவன்று. காட்சியும் கருதலும் உரையும் என அளவைகளைப் பகுத்தாய்ந்த இனம் நம் இனம். மணிமேகலையின் இருபத்தேழாம் காதையைத் திறந்து பாருங்கள். கண்கூடு ஒன்றையே ஏற்பேன், கருதலை ஏற்கேன் என்னும் பூதவாதியை நோக்கி மணிமேகலை நகைத்து, உன் தாய் தந்தையரை நீ கருதலால் அன்றி வேறெவ்வாறு அறிந்தாய் என்று மடக்குகிறாள். அந்நூலை யாத்த சாத்தனார் படைப்புக் கடவுளை ஏற்காத புத்த நெறியினர்! ஆயினும், சொத்தையான உறழ்வைத் தமக்கு உதவுமென்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. இதுவே தமிழர் ஏரண நேர்மை.

பெரியார் பெயரைச் சொல்வோரும் இதனை எண்ண வேண்டும். 1924இல் வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருவில் நடக்கவும் உரிமை மறுக்கப்பட்டோர்க்காக அவர் சிறை புகுந்தார். கடவுள் பெயரால் மாந்தனை மாந்தன் இழிவுபடுத்தியது கண்கூடு. அதற்குச் சான்று தெருவெல்லாம் கிடந்தது. அவ் வழக்கு இன்றும் அசையாமல் நிற்கிறது. அசையாத அவ் வழக்கை விட்டுவிட்டு, ககாரின் கதையைத் தூக்கிக்கொண்டு அலைவோர் பெரியார்க்கும் பெருமை சேர்ப்பாரல்லர். தமிழர்க்கும் அறிவு சேர்ப்பாரல்லர்.

மறைமலையடிகள் சிவநெறியர். பாவேந்தர் பாரதிதாசன் இறைமறுப்பாளர். மொழிஞாயிறு பாவாணர் கிறித்தவர். இம் மூவருள் எவரைத் தமிழரல்லர் எனத் தள்ளுவீர்? இறைநம்பிக்கையை நுழைவுச் சீட்டாக்கியவன் கோயில் வாயிலில் நம்மைத் தடுத்தான். இறைமறுப்பை நுழைவுச் சீட்டாக்குகிறவன் தமிழின் வாயிலில் நம்மைத் தடுக்கிறான். இரண்டு தடையும் ஒன்றே!

எவர் சொன்னார் என்று பாராமல், சொன்னதன் மெய்ம்மையைப் பார்ப்பதே அறிவு என்று வகுத்தவர் வள்ளுவர். அவ் வரையறை நம்புவோர்க்கு மட்டும் எழுதப்பட்டதன்று. மறுப்போரே, மறுங்கள், உங்கள் உரிமை அது. ஆனால் சான்றொடு மறுங்கள்! சான்றில்லாத இடத்தில் "அறியேன்" என்று சொல்லும் ஆண்மை கொள்ளுங்கள்! பழைய தொன்மங்களை எரித்த கையால் புதிய தொன்மங்களை எழுதாதீர்கள்!